காய்ச்சல் வராத பிள்ளைக்குத் திருநீறு

மார்ச் 12, புதன்

இன்று சேர்க்கைக்காக ஊருக்குள் போனோம். வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். முன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பேனரைப் பிடித்துக்கொண்டு, நடுவில் தலைமையாசிரியை தமிழ்ச்செல்வி மேடம் குடை பிடித்துக்கொண்டு, கடைசியில் நான் நோட்டீஸ் கட்டோடு. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. மேடம் நான்கும் ஐந்தும் எடுக்கிறார், ஒன்று முதல் மூன்று வரை நான். ஒன்றாம் வகுப்பில் ஆள் சேராவிட்டால் இரண்டாவது டீச்சர் எதற்கு என்று எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த இரண்டாவது டீச்சர் நான். அதனால் வெயிலில் வீடு வீடாகப் போய்ச் சிரித்தேன்.

ஒச்சாயி வீட்டு வாசலில் வாழை இலை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் சுருளி தினமும் விடியக்காலம் லோடு வண்டியில் கோரிப்பாளையத்துப் பிரியாணிக் கடைகளுக்கு இலை கொண்டுபோகிறவர். ஒரே மகள், தாமரைச்செல்வி. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தது.

"வேன்ல போற இங்கிலீசு பள்ளிக்கொடத்துலதான் டீச்சர் சேக்கலாம்னு இருக்கோம்" என்றாள். நான் பாடத்தை ஒப்பித்தேன். காலைச் சாப்பாடு, புத்தகம், சீருடை, அன்பான கவனிப்பு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒங்களுக்குப் பிள்ளைக இருக்கா டீச்சர்?" என்றாள்.

"ஒண்ணு. கெசியான்னு பேரு. யூகேஜி முடிக்கப்போறா."

"அப்ப எம் பிள்ளை வயசுதான். ஒண்ணாப்பு எங்கன சேக்கப்போறீக?"

"இங்கனதான்" என்றேன்.

அப்படியே வாயில் வந்துவிட்டது. யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ? தல்லாகுளத்து மிஷன் பள்ளியில் கெசியாவுக்கு ஜனவரியிலேயே இடம் வாங்கியாயிற்று. சபை ஐயரிடம் கடிதம் வாங்கி, இன்டர்வியூவுக்கு அவளைப் பூனைக்குட்டி மாதிரி சீவிச் சிங்காரித்துக் கூட்டிப்போனவள் நான்தான்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம், லெந்து நாட்கள் என்று காப்பியை விட்டிருக்கிறேன். காப்பியை விட்டவளுக்குப் பொய்யை விட முடியவில்லை. சே!

மார்ச் 13, வியாழன்

காலையில் பள்ளி திறக்கும் முன்பே ஒச்சாயி வந்து நிற்கிறாள், மகளோடு. "டீச்சர் பிள்ளையே இங்கன படிக்கும்போது எம் பிள்ளைக்கு என்ன கொறச்சல்?" என்று மேடத்திடம் சொல்லிவிட்டுப் பெயர் கொடுத்தாள். அவள் தெருவில் இன்னும் சிலரையும் கூட்டிவருகிறாளாம்.

அவள் போனதும் மேடம் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "நெசமாவா பியூலா?"

நான் நோட்டீஸ் கட்டை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். மேடம் சிரித்துவிட்டார். "விடு. எம் பிள்ளைக ரெண்டும் எங்க படிச்சுச்சுன்னு ஊருக்குத் தெரியுமா? கேன்வாஸுன்னா முன்னப்பின்ன சொல்றதுதான்."

அவர் சிரித்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததுதான் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் இவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். கெசியாவை எந்தப் பள்ளிக்கும் அனுப்ப வேண்டாமாம். வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாமாம். ஜெபக்குழுவில் ஜோயல் பிரதர் குடும்பம் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களைப் பார்த்ததிலிருந்து இவருக்கு அதே பேச்சு.

"காலையில ஜெபத்தோட ஆரம்பிப்போம். எழுத்து, கணக்கு, பாட்டு. எனக்கு கீபோர்டு கிளாஸ் சாயங்காலந்தானே? பகல் பூரா வீட்லதான இருக்கேன்."

"கீபோர்டு கத்துக்க வர்ற பிள்ளைங்க ஒரு கட்டையை மாத்தி அமுக்குனாலே நீங்க குதிக்கிறீங்க. இதுல பாடம் வேற!"

"சரி, நீ டீச்சர்தானே? நீ சொல்லிக்குடு."

"நான் வேலைக்குப் போகவா, வீட்ல உக்காரவா?"

அதற்கு இம்மானுவேல் சொன்ன பதில்தான் இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது. "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீ டீச்சர். நம்ம பிள்ளைக்கு டீச்சரா இருக்க மட்டும் ஒனக்கு மனசு இல்ல."

அவருக்கு ஒச்சாயி விஷயம் தெரியாது. தெரிந்து சொன்ன மாதிரியே இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

தாமரைச்செல்வி பெரிய வகுப்புப் பிள்ளை கையில் ஒரு பாசிமணி வளையல் கொடுத்து அனுப்பியிருக்கிறது. சிவப்பும் மஞ்சளுமாக, அதுவே கோத்ததாம். "டீச்சர் வீட்டுக் கெசியாவுக்கு." பக்கத்தில் உட்காரப்போகிற பிள்ளைக்கு இப்போதே சிநேகிதம்.

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் கெசியா பையைக் குடைந்து எடுத்துவிட்டாள். கையில் போட்டுக்கொண்டு, "யாரும்மா தாமரை?"

"எங்க ஸ்கூல்ல சேரப்போற பாப்பா."

"அவ எனக்கு ஃபிரெண்டா?"

"ம்."

வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் கெசியா ஓலையை ஆட்டிக்கொண்டு பாடினாள். ஓலை பிடித்த கையில் அந்த வளையல். போட்டோ எடுக்கும்போது ஓலையை வேறு கையில் மாற்றச் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 24, வியாழன்

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

எங்கள் பள்ளியில் என் மகளைச் சேர்க்க ஏன் கசக்கிறது? கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது, நானே தினமும் ருசி பார்க்கிறேன். பாடம்? அந்த ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர் நான்தான். அது நல்ல வகுப்பில்லை என்றால் நான் நல்ல டீச்சரில்லை. ஆனால் நான் நல்ல டீச்சர். மூன்றாம் வகுப்பு முடிக்கும்போது என் பிள்ளைகள் தடவாமல் வாசிக்கின்றன. அப்புறம் என்ன?

பேன் வந்துவிடுமோ என்று பயம். அந்தப் பிள்ளைகள் பேசுகிற பேச்சு இவள் வாயில் ஒட்டிக்கொள்ளுமோ என்று. சபையில், "பாப்பா எங்க படிக்கிறா?" என்று யாராவது கேட்டால் பஞ்சாயத்து யூனியன் பள்ளி என்று சொல்லவேண்டுமே என்று. இவ்வளவுதான். இதைத் தாண்டி ஒரு காரணமும் இல்லை. நாள் முழுக்க அந்தப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிடுகிறேன். என் மகள் அவர்கள் பக்கத்தில் உட்காரக்கூடாது. இந்த லட்சணத்தில் ஞாயிறுதோறும் பாய் விரித்துச் சிறுவர்களுக்கு எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். கோரிப்பாளையம் பக்கம் தலை வைத்துப் படுக்கமுடியாது. வீட்டிலேயே இருந்தோம். மிஷன் பள்ளிச் சீருடை தைத்து வந்தது. கெசியா டையை நாய்க்குட்டிக் கயிறு மாதிரி இழுத்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். இவர் பார்த்துவிட்டு கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மே 18, ஞாயிறு

ஜோயல் பிரதர் வீட்டுக்குப் போனோம், நாகமலைப் பக்கம். குறை கண்டுபிடிக்கவே போனேன் என்றுதான் சொல்லவேண்டும். கிடைக்கவில்லை. பெரிய பெண் ஷரோன் அருமையாக வாசிக்கிறாள். சப்பாத்திக்கு மாவு பிசைகிறாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருவதில்லை. ஜோயலின் மனைவி பிள்ளைகளிடம் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

புறப்படும்போது ஷரோன் கெசியாவிடம் ரகசியமாகக் கேட்டாள்: "ஒங்க கிளாஸ்ல எத்தன பேரு?" கெசியாவுக்கு எண்ணத் தெரியவில்லை. "நெறய" என்றாள். ஷரோன், "எல்லாரும் ஒன்கூட வெளையாடுவாங்களா?" என்றாள். கெசியா பெரிய மனுஷி மாதிரி, "சண்டையும் போடுவாங்க" என்றாள். அதற்கும் ஷரோனுக்குச் சிரிப்பு.

வண்டியில் வரும்போது இவரிடம் சொன்னேன், கெசியா ஒற்றைப் பிள்ளை, ஏற்கெனவே தலையணையோடு பேசுகிறாள், அவளுக்குச் சண்டை போடவாவது நாலு பேர் வேண்டும் என்று. இவர் கேட்டுக்கொண்டார். "சரி, மிஷன் ஸ்கூலுக்கே போகட்டும்" என்றார். ஜெயித்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்பு நிறைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை. மேடம் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

தாமரைச்செல்வி முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து பக்கத்தில் தன் பையை வைத்திருந்தது. வேறொரு பிள்ளை உட்காரப்போக, "இது கெசியா எடம்" என்று தள்ளிவிட்டது.

ஒச்சாயி வாசலில் நின்று கேட்டாள். "எங்க டீச்சர் ஒங்க பாப்பா?"

"காய்ச்சல்" என்றேன்.

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. "அய்யய்யோ, எம்புட்டு நாளா?" என்று அவள் பதறிப்போனாள். "ரெண்டு மூணு நாளா" என்று அதற்கும் பதில் சொன்னேன். நானெல்லாம் ஒரு டீச்சர்!

ஜூன் 4, புதன்

இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

மதியம் ஒச்சாயி வந்தாள். தலைக்குக் குளித்து ஈரம் காயாத முடி. முந்தானையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். திருநீறு. "எங்க சாமிகிட்டப் போயிட்டு வாரேன் டீச்சர். பாப்பாவுக்குக் காய்ச்சல் எறங்குனா பொங்க வைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். நீங்க வேதக்காரவுகன்னு தெரியும். பூசணும்னு இல்ல. தலமாட்டுல வச்சாப் போதும்."

வாங்கிக்கொண்டேன். "எதுக்கு இதெல்லாம்" என்றேன். "பச்சப் பிள்ளையாச்சே" என்றாள்.

இல்லாத காய்ச்சலுக்கு ஒருத்தி வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்திருக்கிறாள். அந்த நேரம் என் மகள் வீட்டில் கால்மேல் கால் போட்டு மாம்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது நான் கவலைப்பட்டது என் பொய்யைப் பற்றி இல்லை. பொட்டலத்தை இவர் பார்த்துவிட்டால் என்ன சொல்வாரோ என்றுதான். டிபன் பைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

மிஷன் பள்ளி இன்று திறப்பு. விடுப்பு எடுத்துக்கொண்டு நானே கூட்டிப்போனேன். பக்ரீத் வருவதால் கோரிப்பாளையத்தில் ஆடும் ஆளுமாக நெரிசல். முதலில் கடையில் கெசியாவுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிவிட்டு ஸ்கூட்டரோடு சிக்னலில் வந்து நின்றேன். முன்னால் கெசியா, சீருடை, டை, பாலிஷ் போட்ட ஷூ.

பக்கத்தில் ஒரு லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் மிச்சம் இரண்டு இலைக்கட்டு.

"வணக்கம் டீச்சர்."

சுருளி. நான் ஹெல்மெட்டை இன்னும் கீழே இழுத்துவிடலாமா என்று பார்த்தேன். என்ன புத்தி இது.

அவர் கெசியாவைப் பார்த்தார். ஷூவிலிருந்து டை வரைக்கும் பார்த்தார். அப்புறம் அவளிடமே கேட்டார், "பாப்பா, காய்ச்சல் தேவலையா?"

கெசியா, "எனக்குக் காய்ச்சலே இல்ல அங்கிள்" என்றாள், கணீரென்று.

அவர் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பச்சை விழுந்ததும், "பாத்துப் போங்க டீச்சர், கூட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருக்கக்கூடாதா அந்த மனுஷன்?

ஜூன் 6, வெள்ளி

தாமரைச்செல்வி வரவில்லை. பாயில் அவள் கெசியாவுக்குப் பிடித்துவைத்த இடத்தில் யாரும் உட்காரவும் இல்லை. இதுவரை அவள் யாரையும் விட்டால்தானே.

மாலையில் இவர் வண்டிச் சாவி தேடி என் பையைக் கவிழ்த்தார். பொட்டலம் விழுந்தது. "இது என்ன பியூலா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச்சிலிருந்து. அழுதுகொண்டே சொன்னேன். திருநீற்றுக்காகக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்து, பிரிந்த காகிதத்தைத் திரும்ப மடித்தார்.

"அந்தம்மா நம்ம பிள்ளைக்காகப் போய் நின்னுருக்காங்க" என்றார். "பாவம்."

அவர் திட்டாததும் எனக்கு இன்னும் அழுகை வந்தது. கெசியாவை எங்கள் பள்ளிக்கே கூட்டிப்போய்விடட்டுமா என்று கேட்டேன். "வெக்கத்துக்காகப் பிள்ளைய எங்கயும் சேக்காத" என்றார். அப்புறம், "நானும் பெரிய யோக்கியன் இல்ல. ஹோம் ஸ்கூல், பக்தின்னு பேசுனேன். நீயும் போயி, அவளும் போயிட்டா, பகல் பூரா இந்த வீட்டுல நான் ஒத்தையில என்ன பண்ணுவேன்னும் இருந்துச்சு" என்றார்.

இத்தனை மாதமாக அதை நான் யோசித்ததே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே திருநாள். சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் பக்கத்தில் இருந்த அக்கா என் முழங்கையை இடித்தார். "எந்திரி பியூலா, மிஷன் ஸ்கூல்ல சீட் கெடச்சதுக்கு நன்றி சொல்லு."

எழுந்திருக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

பள்ளி விட்டதும் நேரே ஒச்சாயி வீட்டுக்குப் போனேன். பாய் போட்டு உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். சொம்பை வாங்கிக்கொண்டு, "நான் பொய் சொன்னேன் ஒச்சாயி. ரெண்டு தடவ" என்றேன்.

"வீட்டுக்காரரு சொன்னாரு."

"என்னைய மன்னிச்சிரு."

அவள் இலையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "நீங்க அப்படிச் சொல்லலைன்னாலும் நான் சேத்திருப்பேன் டீச்சர். எங்க கொழுந்தனார் மக ஒங்ககிட்டப் படிச்சதுதான். பேப்பரை எடுத்து வச்சு கடகடன்னு படிக்குது. அதப் பாத்துத்தேன் எனக்கு ஆசையே வந்துச்சு. ஒங்க பிள்ள எங்கன படிக்குதுன்னு சும்மா பேச்சுக்குக் கேட்டேன்."

சும்மா பேச்சுக்கு.

"பாப்பாவைத் திரும்ப அனுப்பு ஒச்சாயி."

"வேனுக்குச் சொல்லியாச்சு. அவுக அப்பா வேணாம்னுட்டாரு. டீச்சரே தம் பிள்ளைக்கு ஆகாதுன்னு நெனைக்கிற எடம் நம்ம பிள்ளைக்கு எதுக்குங்கிறாரு. நான் என்ன பதில் சொல்ல?"

சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்தவள், "வர்ற வெள்ளிக்கிழமை பொங்க வைக்கிறேன்" என்றாள்.

"காய்ச்சலே இல்லையே ஒச்சாயி!"

"அது ஒங்களுக்கும் எனக்கும். சாமிகிட்டச் சொன்னது சொன்னதுதானே."

ஜூன் 12, வியாழன்

முடிவு செய்துவிட்டோம், கெசியா எங்கள் பள்ளிக்கே வருகிறாள். மிஷன் பள்ளியில் போய்ச் சொன்னபோது அந்த ஹெச்.எம். அம்மா, "யோசிச்சீங்களா? இந்த சீட்டுக்கு எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா?" என்றார். தெரியும். நானும் நின்றவள்தானே.

வெட்கத்துக்காகவா? பாதி அதுதான், மறைக்கவில்லை. இவரும் அதையேதான் கேட்டார். நான் சொன்னேன், நான் சொல்லிக்கொடுப்பது கெசியாவுக்குப் போதாது என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படிப் போதும் என்று. இவர் யோசித்துவிட்டு, "சரி. ஆனா காலை ஜெபமும் பாட்டும் என் பாடம். அத விட்டுத்தர மாட்டேன்" என்றார். விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லையே நான்.

கெசியாவிடம் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி: "அப்ப தாமரைகூட உக்காரலாமா?" அவள் வேறு பள்ளிக்குப் போகிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

கெசியாவைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். கல்லுப்பட்டி ரோட்டில் இறங்கி நடக்கும்போது எதிரே அந்த இங்கிலீசுப் பள்ளியின் மஞ்சள் வேன் வந்தது. புழுதி அடங்கினதும் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை.

வாசலில் அம்மாக்கள் நின்றார்கள். "பாத்தியா, டீச்சர் சொன்ன சொல்லு தவறாம பிள்ளையக் கொண்டாந்துட்டாக" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி கெசியாவின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். ஒச்சாயி ஊரில் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கெசியா முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். வருகைப்பதிவு எடுத்தேன். அவள் பெயர் வந்ததும், "உள்ளேன் டீச்சர்" என்றாள். பள்ளியில் அம்மா என்று கூப்பிடக்கூடாது என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அடுத்த பெயர். டி.சி. வாங்க ஒச்சாயி இன்னும் வராததால் பதிவேட்டில் அடிக்கவில்லை. வாய் பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டேன்.

"தாமரைச்செல்வி."

கெசியா பக்கத்து இடத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அவளுக்குக் காய்ச்சலா டீச்சர்?"

"இல்லம்மா" என்றேன்.